கட்டளையும் பொத்தானும்: மின்னஞ்சல் சர்வரை யார் ஆள்கிறார்கள்?

1

கணினியின் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே கதைதான். ஆதியில் இருட்டு. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். மந்திரம் தெரிந்த நாலு பேர் மட்டும் அதன் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மௌஸ் வந்தது, படம் வந்தது, பொத்தான் வந்தது, சாமானியனுக்கும் கதவு திறந்தது. விளம்பரக்காரர்கள் சொல்லும் இந்தக் கதையை நம் முற்போக்கு நண்பர்களும் பல சமயம் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். கட்டளைவரி என்றால் மேட்டுக்குடி, பொத்தான் என்றால் ஜனநாயகம். இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. கட்டற்ற மென்பொருள் வட்டாரத்தில் அது பிரபலம். கட்டளைவரி என்றால் சுதந்திரம், பொத்தான் என்றால் அடிமைத்தனம். இந்த இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டும் கருவியை உற்றுப் பார்க்கின்றன. அந்தக் கருவியை வைத்துக்கொண்டு யார், யாருக்காக, என்ன வேலை செய்கிறார்கள் என்பதைக் கேட்காமல் விட்டுவிடுகின்றன.

பொதுவாகப் பேசினால் இது வெறும் சொற்சிலம்பமாகிவிடும். ஆகவே குறுகலான ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: மின்னஞ்சல் சர்வரை நிர்வகிக்கும் வேலை. நாம் அனுப்பும் கடிதத்தை வாங்கி, முகவரியைப் பார்த்து, அடுத்த சர்வரிடம் ஒப்படைத்து, நமக்கு வருவதைப் பெட்டியில் போட்டு வைக்கிற கணினிதான் மின்னஞ்சல் சர்வர். அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பெட்டி திறப்பது, வேலையை விட்டுப் போனவரின் பெட்டியைப் பூட்டுவது, நிரம்பிப்போன பெட்டிக்கு இடம் ஒதுக்குவது, எங்கோ தேங்கிக் கிடக்கும் கடிதங்களைத் தேடித் தள்ளிவிடுவது எல்லாம் அவர் பாடு. இலக்கியத்திலோ அரசியல் எழுத்திலோ இந்த ஆளை நாம் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் மொத்தக் கடிதப் போக்குவரத்தும் அவர் விரல் நுனியில்தான் இருக்கிறது.

இந்த வேலையின் வரலாற்றில் விசித்திரமான ஒரு திருப்பம் உண்டு. சர்வர் நிர்வாகத்தையே பொத்தான்களாக மாற்றி உலகமெங்கும் விற்ற ஒரு நிறுவனம், பத்தாண்டு கழித்துத் தானாகவே கட்டளைவரிக்குத் திரும்பி வந்தது. முன்னேற்றக் கதையை அப்படியே நம்புகிறவர்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏன் திரும்பியது, திரும்பியதால் லாபம் யாருக்கு என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

2

மின்னஞ்சல் அடிப்படையில் ஓர் உரையாடல். 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பியபோது, பெயரையும் இடத்தையும் பிரிக்க '@' குறியைத் தேர்ந்தெடுத்தார். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. என்ற நெறிமுறை, இரண்டு சர்வர்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்பதை வகுத்தது. ஒன்று 'ஹலோ' சொல்ல வேண்டும். மற்றது பதில் சொல்ல வேண்டும். 'இன்னாரிடமிருந்து கடிதம்' என்று ஒரு வரி. 'சரி' என்று பதில். 'இன்னாருக்கு' என்று ஒரு வரி, மறுபடி 'சரி'. பிறகு கடிதம். கடைசியில் தனியாக ஒரு புள்ளி. அவ்வளவுதான். இதையெல்லாம் இயந்திரம்தான் பேச வேண்டும் என்பதில்லை. அந்தக் காலத்து சர்வர்களோடு ஒரு மனிதர் நேரடியாகத் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, இந்த வரிகளைத் தானே தட்டிக் கடிதம் அனுப்பிவிட முடிந்தது. அஞ்சல் வரவில்லை என்று புகார் வந்தால் நிர்வாகி முதலில் செய்ததும் இதைத்தான். ஆக, கட்டளைவரி என்பது மின்னஞ்சலின் மேல் யாரோ பிற்பாடு பூசிய வண்ணம் இல்லை. மின்னஞ்சல் பிறந்ததே அப்படித்தான்.

ஆனால் இதை வைத்து ஒரு பொற்காலத்தைக் கட்டிவிடக் கூடாது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதி 1980களின் தொடக்கத்தில் யூனிக்ஸோடு பரவிய சென்ட்மெயில், நெடுங்காலம் இணையத்தின் பெரும்பகுதி அஞ்சலைச் சுமந்த மென்பொருள். அன்றைக்கு ஒரே வலையமைப்பு என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு முகவரி முறை. அவற்றையெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றித் தரும் விதிகளை எழுதுவதற்காக ஆல்மன் ஒரு தனி மொழியையே உருவாக்கினார். அந்த விதிகள் அடங்கிய கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தலை சுற்றும். ஒவ்வொரு வரியும் ஒற்றை எழுத்தில் தொடங்கும். அதன் பின் டாலர், நட்சத்திரம், கூட்டல் குறிகளின் குவியல். விதியின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிரிப்பது கண்ணுக்குத் தெரியாத 'டேப்' எழுத்து. டேப் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண இடைவெளி விட்டால் அஞ்சல் போகாது. இதை விளக்க 1993இல் ஓ'ரைலி பதிப்பகம், அட்டையில் வௌவால் படம் போட்டு ஒரு புத்தகம் கொண்டுவந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் அது ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. அஞ்சல் அனுப்பும் ஒரு மென்பொருளுக்கு ஆயிரம் பக்கம்!

அந்தக் காலத்து சென்ட்மெயில் நிர்வாகியை நம்மூர்க் கர்ணத்தோடு ஒப்பிடலாம். கணக்கு ஊருடையது, ஆனால் அவர் மட்டுமே படிக்கக்கூடிய கணக்கு. அவர் லீவு போட்டால் யாராலும் தொட முடியாது. எழுத்தில் இருப்பதாலேயே ஒன்று எல்லோருக்கும் பொதுவாகிவிடாது என்பதைப் பள்ளிக்கூட வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் வரலாறு அறிந்த நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஒரு விலையும் இருந்தது. 1988 நவம்பர் 2ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் ஏவிவிட்ட 'புழு' நுழைந்த வழிகளில் ஒன்று சென்ட்மெயில்தான். பிழை திருத்துவதற்காக நிர்வாகிகளின் வசதிக்கென்று வைக்கப்பட்டிருந்த ஒரு கதவு. பெறுநரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டளை ஒன்றை எழுதினால் சர்வர் அதை நிறைவேற்றிவிடும். பல இடங்களில் அதை மூடாமலே விட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான கணினிகள் முடங்கின.

சென்ட்மெயிலின் கொடுமைக்குக் கட்டளைவரி காரணமா? இல்லை என்பதே என் வாதம். 1998 இறுதியில் வீட்சே வெனிமா வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸும் எழுத்துக் கோப்புகளால் ஆளப்படுவதுதான். ஆனால் அதில் ஒரு வரி என்றால் 'பெயர் = மதிப்பு' என்று ஒரு வரி; மேலே நிழலாக ஆங்கிலத்தில் நான்கு வரி விளக்கம். புதிதாக வருபவர் ஒரு மாலைப்பொழுதில் அதன் அடிப்படையைப் படித்துவிடலாம். ஆக எழுத்து, இருண்மை என்ற இரண்டும் ஒன்றே இல்லை. இருண்மை எப்போதும் யாரோ ஒருவரின் தேர்வு, அல்லது யாரும் அக்கறைப்படாததன் விளைவு.

3

இனி ஸ்கிரிப்ட் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். 1964இல் பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் ஒரு குறிப்பு எழுதினார்: தோட்டத்து ரப்பர் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டுவதுபோல நிரல்களையும் மாட்ட வழி வேண்டும் என்று. 1973இல் கென் தாம்ஸன் அதை யூனிக்ஸில் செய்துகாட்டினார். ஒரு நிரல் கக்குவதை அடுத்தது விழுங்கும். பட்டியலை எடு, அதில் இந்தச் சொல் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டு, அகர வரிசையில் அடுக்கு, எத்தனை என்று எண்ணு. நான்கு சின்ன நிரல்கள், நடுவில் மூன்று செங்குத்துக் கோடுகள். ஒவ்வொரு நிரலும் தன் பக்கத்தில் இருப்பது யாரென்று தெரியாமலே வேலை செய்யும். இப்படிப்பட்ட வரிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அதுதான் ஸ்கிரிப்ட்.

இதில் முக்கியமாக நான் பார்ப்பது வேகத்தை அல்ல. வேலை செய்வதும் செய்த வேலையை எழுதிவைப்பதும் இங்கே ஒரே செயலாகிவிடுகின்றன என்பதைத்தான். ஒரு நிர்வாகி நேற்று இரவு என்ன செய்தார் என்பது அவர் எழுதிய வரிகளிலேயே இருக்கிறது. அதை இன்னொருவர் படிக்கலாம். 'இந்த இடத்தில் இப்படிச் செய்திருக்கிறாயே, தப்பாச்சே' என்று விவாதிக்கலாம். நகலெடுத்துத் தன் ஊருக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம். சொல்லப்போனால் அது ஒரு பிரதி. வாசிப்புக்கும் விமர்சனத்துக்கும் உட்படுகிற எல்லாப் பிரதிகளையும்போல அதற்கும் வாசகர்கள், மறுவாசிப்புகள், இடைச்செருகல்கள் எல்லாம் உண்டு.

பொத்தானை அழுத்துவது அப்படியில்லை. அது ஒரு சைகை. நடந்து முடிந்ததும் காற்றில் கரைந்துவிடுகிறது. அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்து 'இங்கே தட்டு, அப்புறம் அங்கே தட்டு' என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் திரையைப் படமெடுத்து ஒட்ட வேண்டும். அயல்நாட்டு நிறுவனங்களின் அஞ்சல் சர்வர்களைச் சென்னையில் இருந்தபடி இரவு ஷிப்டில் கவனித்துக்கொள்ளும் வேலையில் சில வருஷம் இருந்தவன் நான். எங்களிடம் தரப்பட்ட வழிகாட்டிக் கோப்புகள் இப்படித்தான் இருக்கும். ஒரு பெட்டியை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நாற்பது பக்கம். நாற்பதிலும் திரைப்படங்கள், சிவப்பு வட்டங்கள், அம்புக்குறிகள். ஏன் அங்கே தட்ட வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இருக்காது. மென்பொருளின் அடுத்த பதிப்பில் ஒரு பொத்தான் இடம் மாறினால் நாற்பது பக்கமும் குப்பை. புரிதலைக் கழித்துவிட்டுக் கையை மட்டும் வாடகைக்கு எடுப்பதற்கு ஏற்ற வடிவம் அது.

4

அப்படியானால் பொத்தான் வெறும் சதியா? அதுவும் இல்லை. வரைகலை இடைமுகத்தின் தொடக்கத்தில் வேறொரு கனவு இருந்தது. 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் மௌஸை முதன்முதலாகப் பொதுமேடையில் காட்டியபோது, அவருடைய மறுகையின் கீழே ஐந்து விசைகள் கொண்ட இன்னொரு கருவியும் இருந்தது. வலக்கை சுட்ட, இடக்கை ஐந்து விசைகளைச் சேர்த்தழுத்திக் கட்டளை எழுதும். கற்றுக்கொள்ள நாளாகும், கற்றவருக்கு அசாத்திய வேகம். மனிதர் கூட்டாகச் சிந்திக்கும் திறனை உயர்த்துவது அவர் குறிக்கோள். 'கற்காமலே பயன்படுத்தலாம்' என்பது அவர் முழக்கமாக இருந்ததில்லை. சந்தை மௌஸை எடுத்துக்கொண்டது, ஐந்து விசைகளை விட்டுவிட்டது. சுட்டுவதும் சொல்வதும் சேர்ந்திருந்த ஒன்றிலிருந்து சுட்டுவது மட்டும் தனியே பிரிக்கப்பட்டது.

1980களின் தொடக்கத்தில் பென் ஷ்னைடர்மன் இதற்கு 'நேரடிக் கையாளல்' என்று பெயர் சூட்டினார். பொருள் கண் முன்னால் இருக்கிறது, அதைத் தொட்டு நகர்த்துகிறோம் என்ற உணர்வு. கடிதம் எழுதுகிறவருக்கும் படம் வரைகிறவருக்கும் இது பெரும் விடுதலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் யாருக்கு எளிது என்ற கேள்வி அங்கேயே எழுகிறது. டாஸ் காலத்துத் திரையில் வெறும் எழுத்துகள் இருந்தவரை, பார்வையற்றவர்களால் அவற்றை ஒலியாக மாற்றும் மென்பொருளைக் கொண்டு வேலை செய்ய முடிந்தது. 1990களின் தொடக்கத்தில் விண்டோஸ் பரவியபோது அவர்களில் பலர் வேலையையே இழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். 'எல்லோருக்கும் எளிது' என்ற சொல்லாடலின் 'எல்லோரில்' அவர்கள் இல்லை.

நம் ஊரிலும் ஒரு தலைகீழ்க் காட்சி அரங்கேறியது. 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது இரண்டு வகை இணைப்புகள் இருந்தன. படங்களோடு பார்க்கும் இணைப்புக்கு விலை அதிகம். மாணவர்களுக்குக் குறைந்த விலையில் கிடைத்தது எழுத்து மட்டும் வரும் ஷெல் கணக்கு. காசுள்ளவருக்குப் பொத்தான், காசில்லாதவருக்குக் கட்டளைவரி! எந்த வடிவம் மேட்டுக்குடியுடையது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. விலையும் இடமும் காலமும் தீர்மானிக்கின்றன.

சர்வர் நிர்வாகத்துக்குள் பொத்தான் பெருமளவில் வந்தது 1993இல் வெளியான விண்டோஸ் என்.டி.யோடு. 1996இல் மைக்ரோசாஃப்ட் தன் அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சை வெளியிட்டது. பெட்டிகள் எல்லாம் மரக்கிளைபோல இடப்பக்கம் விரியும். ஒன்றைத் தட்டினால் அதன் விவரங்கள் தனிச் சாளரத்தில் திறக்கும். ஐம்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு இது போதும். ஆயிரம் பக்க வௌவால் புத்தகம் வேண்டாம், கர்ணம் வேண்டாம். ஏற்கெனவே கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒருவரே அஞ்சலையும் பார்த்துக்கொள்வார். நம்மூர்க் கணினிப் பயிற்சி நிலையங்களில் எம்.சி.எஸ்.இ. சான்றிதழுக்குக் கூட்டம் அலைமோதிய காலம் அது. பொறியியல் கல்லூரிப் படியேறாத எத்தனையோ பேர் அந்தப் பொத்தான்களின் வழியாகத்தான் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தார்கள். இதைக் கேலி செய்கிற யூனிக்ஸ் பண்டிதர்களோடு எனக்கு ஒருபோதும் உடன்பாடு இருந்ததில்லை.

5

ஐம்பது பெட்டிகளுக்குப் போதுமானது ஐம்பதாயிரம் பெட்டிகளுக்குப் போதவில்லை. விஷயம் இங்கேதான் திரும்புகிறது.

1996இல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயிலை 1997 இறுதியில் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அது ஓடிக்கொண்டிருந்ததோ ஃப்ரீ பி.எஸ்.டி., சொலாரிஸ் என்ற யூனிக்ஸ் வகைகளில். தன் விண்டோஸை ஊருக்கெல்லாம் விற்கும் நிறுவனம், தன் அஞ்சல் சேவையை அடுத்தவன் இயங்குதளத்தில் ஓட்டுவது பெருத்த அவமானம். மாற்றத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான முன்வரிசை சர்வர்கள். அந்த மாற்றத்தின் அனுபவத்தை உள்ளே இருந்த ஒரு பொறியாளர் 2000இல் அறிக்கையாக எழுதினார். 2002இல் அது வெளியே கசிந்தது. யூனிக்ஸில் எல்லா அமைவுகளும் வெறும் எழுத்துக் கோப்புகளாக இருப்பதும் எதையும் ஸ்கிரிப்டால் செய்ய முடிவதும் அதன் பலம் என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. விண்டோஸ் சர்வரோ மேசைக் கணினியை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்படுகிறது, பல வேலைகளைக் கட்டளையால் செய்யவே முடியவில்லை என்பது அதன் குறை. ஒரு சர்வரின் முன்னால் உட்கார்ந்து தட்டலாம். மூவாயிரம் சர்வர்களின் முன்னால் யார் உட்காருவது?

அதே 2002இல் மைக்ரோசாஃப்டில் ஜெஃப்ரி ஸ்னோவர் 'மோனாட்' என்ற பெயரில் ஓர் அறிக்கை எழுதினார். முதலில் அவர் யூனிக்ஸ் கருவிகளையே விண்டோஸுக்குக் கொண்டுவர முயன்றிருந்தார். பலிக்கவில்லை. யூனிக்ஸில் எல்லாம் எழுத்து; எழுத்தை வெட்டி ஒட்டினால் இயந்திரத்தை மாற்றலாம். விண்டோஸில் அமைவுகள் எல்லாம் நிரல்களின் உள்ளே பொருள்களாகப் பூட்டப்பட்டுக் கிடந்தன. ஆகவே எழுத்துக்குப் பதில் பொருள்களையே குழாய் வழியே அனுப்பும் ஒரு புதிய கட்டளை மொழியை அவர் முன்வைத்தார். பொத்தான்களின் ஊரில் கட்டளைவரியைப் பேசியதற்காகத் தன் பதவி ஒரு படி இறக்கப்பட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2006 நவம்பரில் அது பவர்ஷெல் என்ற பெயரில் வெளிவந்தது.

அதை முழுமையாகத் தழுவிய முதல் பெரிய பண்டம் எக்ஸ்சேஞ்ச் 2007. தற்செயல் இல்லை, ஆயிரம் பேருக்கு ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை அஞ்சல் நிர்வாகம். இதில் பொத்தானும் கட்டளையும் இடம் மாறிக்கொண்டன. அதுவரை பொத்தான்தான் மூலம், ஸ்கிரிப்ட் பக்கவாட்டுச் சந்து. இப்போது எல்லாப் பொத்தான்களும் கட்டளைகளின் மேல் போர்த்திய துணி. நீங்கள் பொத்தானைத் தட்டிப் புதிய பெட்டி திறந்தால், கடைசித் திரையில் உங்களுக்காக ஓட்டப்பட்ட கட்டளை இதுதான் என்று எழுதிக் காட்டும். நகலெடுத்துக்கொள்ளலாம். முதல் வெளியீட்டில் சில வேலைகளுக்குப் பொத்தானே இல்லை. பொதுக் கோப்புறைகளை நிர்வகிக்கக் கட்டளை மட்டும்தான். நிர்வாகிகள் கூச்சல் போட்ட பிறகு, 2007இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில் பொத்தான்கள் சேர்க்கப்பட்டன.

என்னைப் போன்றவர்கள் படித்தது அந்தக் கடைசித் திரையில்தான். தட்டிவிட்டு, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். ஒரு வினை, ஒரு பெயர், நடுவில் ஒரு சிறு கோடு: கெட்-மெயில்பாக்ஸ், செட்-மெயில்பாக்ஸ், ரிமூவ்-மெயில்பாக்ஸ். பெயரை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்ப்போம். குழாயில் மாட்டிப் பார்ப்போம். எடு, மாற்று. நாற்பது பக்கப் பட வழிகாட்டி மூன்று வரியாகச் சுருங்கியது. அந்த மூன்று வரியில் ஏன் என்பதும் இருந்தது. கட்டளையின் இறுதியில் 'வாட்-இஃப்' என்று சேர்த்தால் எதையும் செய்யாமல், செய்தால் என்னவாகும் என்று மட்டும் சொல்லும். அது வேண்டும். ஏனென்றால் 'எல்லாப் பெட்டிகளையும் எடு, அழி' என்பதும் ஒரே வரிதான். பொத்தானால் ஒருவனின் கடிதத்தை அழிக்கலாம். வரியால் ஊரையே அழிக்கலாம்.

எழுத்துக்கும் சைகைக்குமான சண்டையில் எழுத்து ஜெயித்துவிட்டது என்று இதைப் படிக்கலாம். நீல் ஸ்டீவன்ஸன் 1999இல் கட்டளைவரியைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை அப்படியொரு வாசிப்புக்குத்தான் அடித்தளமிட்டது. பிம்பங்களில் மயங்கிக் கிடக்கும் வெகுமக்கள் ஒரு பக்கம், எழுத்தறிந்த சிறுபான்மை மறுபக்கம் என்பதாக அவர் உலகத்தைப் பிரித்தார். எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். கட்டளை எழுத்தாக இருக்கிறது, எழுத்து கையளிக்கத் தக்கது என்பது வரை சரி. அந்த எழுத்து யார் கையில் சேர்ந்தது என்று அவர் கேட்கவில்லை. 2006இல் கட்டளைவரியைத் திரும்பக் கொண்டுவந்தது நிர்வாகிகளின் மீதான அன்பில்லை. ஓர் ஆளால் பார்த்துக்கொள்ளக்கூடிய பெட்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும் என்ற தேவை.

6

ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதிய உழைப்பும் ஏகபோக மூலதனமும் பற்றிய நூலில், சிந்தனையைச் செயலிலிருந்து பிரித்தெடுத்து நிர்வாகத்தின் வசம் சேர்ப்பதே நவீன உழைப்பின் போக்கு என்று காட்டினார். பட வழிகாட்டி அதற்கு அப்பட்டமான எடுத்துக்காட்டு. ஸ்கிரிப்ட் அதற்கு மாற்று என்றுதான் முதலில் தோன்றும். செய்பவரே சிந்திக்கிறார், சிந்தித்ததை எழுதுகிறார். ஆனால் எழுதி முடித்த ஸ்கிரிப்ட் யாருடையது? வேலை ஒப்பந்தத்தின்படி நிறுவனத்துடையது. ஒரு நிர்வாகி பத்து வருஷம் விழித்திருந்து கற்றது ஒரு கோப்பாகச் சுருங்கி, அவரில்லாமலே இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடுகிறது. கர்ணத்தின் ஏட்டைப் பிடுங்கி எல்லோருக்கும் வாசித்துக் காட்டினால் அது ஜனநாயகம். பிடுங்கிப் பண்ணையார் பெட்டியில் வைத்தால் அதற்கு வேறு பெயர்.

எழுத்து கையளிக்கத் தக்கது என்றேன். கண்காணிக்கத் தக்கதும்கூட. எக்ஸ்சேஞ்ச் 2010இல் நிர்வாகிகளின் கட்டளைகளைப் பதிவுசெய்யும் ஏற்பாடு வந்தது. பொத்தானைத் தட்டினாலும் உள்ளே ஓடுவது கட்டளை என்பதால் அதுவும் பதிவாகும். யார், எப்போது, எதை மாற்றினார் என்று பின்னாளில் எடுத்துப் பார்க்கலாம். ஒருவகையில் நல்லதே. ஆனால் எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்கிற 'கெட்' வகைக் கட்டளைகள் அந்தப் பதிவேட்டில் ஏறுவதில்லை. பார்வை தடயம் விடுவதில்லை; செயல் மட்டுமே விடுகிறது. அதிகாரத்தின் இலக்கணத்தில் நாம் பழகிய விதிதான்.

செயற்பாட்டாளர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்சேஞ்ச் 2010இன் முதல் சர்வீஸ் பேக்கில் 'சர்ச்-மெயில்பாக்ஸ்' என்றொரு கட்டளை வந்தது. அதற்குரிய உரிமை கொடுக்கப்பட்டவர், ஒரே வரியில் நிறுவனத்தின் எல்லா ஊழியர் பெட்டிகளிலும் ஒரு சொல்லைத் தேடலாம். கிடைத்ததை இன்னொரு பெட்டிக்கு நகலெடுக்கலாம். மூலத்தை அழிக்கவும் செய்யலாம். வைரஸ் கடிதத்தை ஊரெல்லாம் அழிக்க வந்த கட்டளை என்பார்கள். உண்மைதான். அந்தச் சொல் 'சங்கம்' என்றிருந்தாலும் கட்டளைக்கு ஒன்றுதான். கடிதங்களை ஒவ்வொன்றாக ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்த காலத்தில், பிரிப்பவரின் சோம்பலே நமக்கு ஒரு பாதுகாப்பு. ஸ்கிரிப்டுக்குச் சோம்பல் கிடையாது.

2011இல் ஆபீஸ் 365 வந்தபின் சர்வரே நிறுவனங்களின் கட்டடத்தை விட்டு வெளியேறத் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் தரவு மையங்களில் இருந்தபடியே உலகமெங்கும் உள்ள பெட்டிகளை நிர்வகிக்க முடிந்ததற்கு அடித்தளம் இந்தக் கட்டளைமயமாக்கம்தான். உள்ளூர் நிர்வாகிக்கும் பவர்ஷெல் உண்டு; ஆனால் எந்தக் கட்டளைகள் அவருக்குத் தரப்பட வேண்டும் என்பதை முடிவு செய்வது சர்வரின் சொந்தக்காரர். மொழி இருக்கிறது, சில வினைச்சொற்கள் மட்டும் பறிக்கப்பட்டிருக்கின்றன. 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. இனி சொந்தக் கட்டடத்தில் எக்ஸ்சேஞ்சை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் விட்டுவைத்திருப்பது சந்தா முறைப் பதிப்பு ஒன்றைத்தான்.

7

மொழி என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். 1982இன் எஸ்.எம்.டி.பி. ஏழு பிட் ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்தது. நம் எழுத்து முகவரியில் வர 2012இல் வெளியான ஒரு நெறிமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் அதை ஏற்றது 2015இல். பொத்தானின் மேல் தமிழில் எழுதி ஒட்டலாம், ஒட்டவும் செய்கிறார்கள். கட்டளையோ ஆங்கில வினைகளாகவே இருக்கிறது. எழுத்து நம்மை விடுவிக்கும் என்று சொல்லும்போது எந்த எழுத்து என்ற கேள்வியை விழுங்கிவிட முடியாது. ஆயினும் லேபிளைத் தமிழாக்குவதும் இலக்கணத்தைக் கற்றுக்கொடுப்பதும் வேறு வேறு. முன்னது நம்மை நுகர்வோராக வரவேற்கிறது. பின்னதற்குத் தமிழில் எழுதப்பட்ட விளக்கங்கள், பயிற்சிகள், வாதங்கள் வேண்டும். சிறு சிறு ஸ்கிரிப்டுகளின் தலைப்பில் 'இதை ஏன் இப்படிச் செய்தேன்' என்று தமிழில் நாலு வரி வேண்டும். அவை இல்லாதது மென்பொருளின் குற்றமில்லை.

ஆகவே கட்டளையா பொத்தானா என்ற எதிர்வை நான் இப்படி மாற்றி வைக்க விரும்புகிறேன். நம் அமைப்பின், சங்கத்தின், பத்திரிகையின் அஞ்சலை ஆளும் செயல்கள் படிக்கத்தக்க வடிவில் எங்காவது எழுதப்பட்டிருக்கின்றனவா? அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் ஒருவருக்கு மேல் இருக்கிறார்களா? எழுதியது யார் வசம் இருக்கிறது? நம் பெட்டியைப் பார்ப்பவரின் பார்வை பதிவாகிறதா? கட்டளைவரி இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு இடம் தருகிறது, பதில்களைத் தருவதில்லை. பொத்தான் பல சமயம் கேள்வியையே மறைத்துவிடுகிறது. எக்ஸ்சேஞ்ச் 2007இன் அந்தக் கடைசித் திரை மாதிரி, தட்டியவுடன் அடியில் ஓடியதை எழுதிக் காட்டும் பொத்தானை நான் எதிர்க்க மாட்டேன். அந்தத் திரையை எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பதிப்பு எடுத்துவிட்டது. கேட்டுச் சத்தம் போட்ட பிறகு 2014இன் சர்வீஸ் பேக்கில் கட்டளைகளைக் காட்டும் வசதி மீண்டும் வந்தது. யாரும் தானாகத் தரவில்லை, கேட்டார்கள், வந்தது.

போஸ்ட்ஃபிக்ஸ் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் கோப்புகளைத் திறந்து படிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களின் ஸ்பேம் வடிகட்டிகளைத் தாண்டிச் சொந்த சர்வரிலிருந்து கடிதம் போய்ச் சேர்வது சிரமமாகிவிட்டது என்பதும் உண்மை. சிரமத்தைச் சொல்லி எளிமையை விற்பவர்களிடம் இனிமேல் நாம் கேட்க வேண்டியது, அந்த எளிமைக்குள் ஓடும் வரிகளை எங்களுக்கும் காட்டுவீர்களா என்பதைத்தான்.